தாழ்ப்பாள் போட ஓர் அறை: நெல்லையில் ஒரு வெப் சீரிஸ் எடுப்பது

2012 இல் அமெரிக்காவில் இரண்டு தொடர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இணையத்துக்கு வந்தன. நியூயார்க்கின் புரூக்ளினில் எடுத்த ‘தி அவுட்ஸ்’ ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்த ‘ஈஸ்ட்சைடர்ஸ்’ மற்றொன்று. இரண்டுமே தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் நகர வாழ்க்கையைச் சொல்பவை. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பார்வையாளர்களிடமே காசு திரட்டினார்கள். 2016 இல் பெங்களூரிலிருந்து ‘தி அதர் லவ் ஸ்டோரி’ யூடியூபுக்கு வந்தது. 1998 இல் நடக்கிற, இரண்டு கல்லூரிப் பெண்களின் கதை அது. இவற்றைப் பார்த்துவிட்டு நம்ம ஊரிலும் ஒன்று எடுத்தால் என்ன என்று திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் முதல் எபிசோடின் இரண்டாவது காட்சியிலேயே தடுக்கி விழுவார்கள். அமெரிக்கத் தொடரில் அந்தக் காட்சி ஒரு வாடகை வீட்டுக்குள் நடக்கும். வீட்டுச் சாவி நாயகனின் பையில் இருக்கும். பாளையங்கோட்டையில் 28 வயது ஆணின் பையில் பைக் சாவிதான் இருக்கும். வீட்டு வாசல் ராத்திரி பத்து மணிவரை திறந்தே கிடக்கும். அவன் தன் அறைக் கதவைச் சாத்தினால் அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்: “கதவ என்னத்துக்குலே சாத்துத?”

நெல்லையில் இப்படி ஒரு தொடரின் கதை நகர்வதே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை கிடைக்காததால்தான். ‘நான் இப்படி’ என்று வீட்டில் அறிவிக்கும் பெரிய காட்சியை நோக்கி ஆறு எபிசோடு ஓட்டுவது இரவல் சரக்கு. இங்கே பெரும்பாலோர் அறிவிப்பதில்லை. நேரத்தையும் இடத்தையும் சமாளிக்கிறார்கள். கதையில் எது கிடைக்கவில்லையோ படப்பிடிப்பிலும் அதுதான் கிடைக்காது. கேள்வி கேட்காத வீடு, ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று நிற்கும் முகம், சத்தமில்லாத ஒரு மணி நேரம். கேமராவும் லைட்டும் அதற்கப்புறம்.

‘நகரம்’ என்ற சொல்லையே முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நெல்லைக்காரர் ‘டவுணுக்குப் போறேன்’ என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரதவீதிப் பக்கம் என்று அர்த்தம். ஆற்றுக்கு மேற்கே டவுண், ஜங்ஷன். கிழக்கே கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, பாளை. இடையில் தாமிரபரணி, அதன்மேல் 1843 இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம். ஊர் 1994 இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4.74 லட்சம். கணக்குப்படி நகரம்தான். ஆனால் வண்ணார்பேட்டை டீக்கடையில் நிற்கும்போது சித்தப்பா வீட்டுக்காரர் யாராவது கடந்துபோகாமல் ஒரு டீயைக் குடித்து முடிக்க முடியாது. யாருக்கும் யாரையும் தெரியாத இடம் என்ற பொருளில் நகரம் வேண்டுமென்றால் அது நெல்லை எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் எழும்பூர். அதனால் நெல்லைத் தொடருக்கு இயல்பாக அமையும் வடிவம் இரண்டு ஊருக்கும் நடுவே தொங்குவது. ஒருவன் சென்னையில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் அக்கா மகள் சடங்குக்கும் வருகிறான். மற்றவன் ஊரிலேயே கடை வைத்திருக்கிறான். எபிசோடுகளைப் பண்டிகைக் கணக்கில் பிரித்தால் கதையில் ஒரு வருடம் தானாகவே ஓடிவிடும்.

போனில் இந்த நகரம் இன்னும் சுருங்கும். கிரைண்டர் (Grindr) போன்ற, ஆண்கள் ஆண்களைத் தேடும் டேட்டிங் செயலிகள் எதிராளி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்று காட்டக்கூடியவை. சென்னையில் ‘400 மீட்டர்’ என்றால் யாரோ ஒருவர். பாளை சமாதானபுரத்தில் ‘400 மீட்டர்’ என்றால் எந்தத் தெரு, எந்த மாடி என்றே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் முகமில்லாத படங்கள்: கழுத்துக்குக் கீழ், பைக் டேங்க், குற்றாலத்து அருவி. கொஞ்சம் விரலால் தள்ளினால் உள்ளூர் முடிந்துவிடும். அடுத்தது தூத்துக்குடி, நாகர்கோவில், அப்புறம் 160 கிலோமீட்டர் தள்ளி மதுரை. இதைத் திரையில் காட்டும்போது செய்யக் கூடாதது ஒன்று உண்டு. உண்மையான செயலியைத் திறந்து அப்படியே படம் பிடிக்காதீர்கள். பின்னணியில் அரை விநாடி வரும் சதுரப் படம் ஒருவரின் வாழ்க்கையைக் கெடுக்கப் போதும். மங்கலாக்கினாலும் அந்தச் சட்டையைத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பார்கள். காகிதத்தில் வரைந்து, எந்தப் பெயருமில்லாத ஒரு செயலித் திரையை நாமே செய்துகொள்ளலாம். படங்களுக்கு நம் குழுவினரின் கைகால்களே போதும்.

லாட்ஜ் காட்சியில்தான் வெளியூர் எழுத்தாளர்கள் அதிகம் மாட்டுவார்கள். இரண்டு ஆண்கள் அறை கேட்டதும் வரவேற்பில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பதாக எழுதுவார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில் படுப்பதும், தோளில் கைபோட்டு நடப்பதும், பைக்கில் ஒட்டி உட்கார்வதும் இங்கே கவனத்துக்கே வராத காரியங்கள். பல லாட்ஜ்களில் மாட்டுவது ஆதார் அட்டையின் பின்பக்கம்: உள்ளூர் விலாசம் இருந்தால் அறை கிடையாது. சென்னைக்காரன் தன் அட்டையைக் கொடுத்து அறை எடுத்துவிடுவான். அவனைப் பார்க்க வருகிற உள்ளூர்ப் பேட்டைக்காரன் படியேறும்போது ‘விசிட்டர் ஒம்பது மணி வரைதான்’ என்பார்கள். இந்த நுணுக்கம் தெரிந்து எழுதிய காட்சிக்கு வில்லனே வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். வட்டார வழக்கைத் தூவல்போல மேலே போடுகிற பழக்கம் சினிமாவில் உண்டு. வாக்கியத்துக்கு மூன்று ‘ஏலே’. அது எடுபடாது. ‘சொல்றேன்’ என்று நினைத்து எழுதிவிட்டுக் கடைசியில் ‘லே’ ஒட்டினால் ஒட்டியது தெரியும். ‘சொல்லுதேன்’, ‘பாக்கான்’, ‘அப்பா வாராவ’, ‘எப்பம் வருவ’ என்று வினை முதற்கொண்டு மாற வேண்டும். விளியில்தான் உறவே இருக்கிறது. ‘லே’ சமவயதுக்கு, இளையவருக்கு, கோபத்துக்கு, கொஞ்சலுக்கு. ‘வே’ நடுவயது ஆண்களுக்குள் பாதி மரியாதை. ‘அண்ணாச்சி’ கடைக்காரருக்கும் அறியாதவருக்கும். காதலிக்கும் இரண்டு ஆண்களில் ஒருவர் ஆறேழு வயது மூத்தவர் என்றால் இளையவர் ஊர் முன்னால் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். தனியாக இருக்கும்போது அந்த ‘அண்ணே’ எந்த நிமிஷத்தில் உதிர்கிறது, சண்டை வந்தால் ‘நீங்க’ எப்படித் திரும்பி வருகிறது என்பதை எழுதினால் போதும். ‘உன்னை நேசிக்கிறேன்’ என்ற வசனத்தை வெட்டிவிடலாம். நண்பனுக்கு இங்கே ‘சேக்காளி’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. “எம் மவன் சேக்காளி” என்று அம்மா ஒருவனைப் பந்தியில் உட்கார வைப்பதில் அவள் அறிந்ததும் அறியாததும் சேர்ந்தே வந்துவிடும்.

ஆண் நண்பர்கள் ஒருவரை ஒருவர் ‘மாப்ள’, ‘மச்சான்’ என்று கூப்பிடும் வழக்கத்தையும் கவனிக்கலாம். கல்யாண உறவுச் சொற்களையே நட்புக்கு எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் நண்பனின் அப்பாவை ‘மாமா’ என்று கூப்பிடும்முன் இங்கே யோசிப்பார்கள், ஏனென்றால் அது சாதிக்குள் வைக்கிற முறைச்சொல்லாகவும் கேட்கும். சாதியைத் தொடாமல் நெல்லையில் எந்தக் காதல் கதையும் எழுத முடியாது. இரண்டு ஆண்கள் என்பது தெரியாமலே போகலாம். ‘எந்தத் தெருப் பையன் அடிக்கடி வாரான்’ என்பது தெரியாமல் போகாது. சேக்காளியாக வீட்டுக்குள் வந்தவனுக்கு எந்த டம்ளரில் காப்பி வந்தது என்று ஒரு ஷாட் வைத்தால் போதும். இதை விட்டுவிட்டு எடுத்த தொடர் மும்பையிலோ சென்னை அண்ணாநகரிலோ நடக்கலாம், இங்கே நடக்காது.

அமைப்புகளும் அரசும் பயன்படுத்தும் சொற்கள் வேறு. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 ஆம் தேதி கொடுத்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வந்தது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் (queer), திருநம்பி போன்ற சொற்களைப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. டைட்டில் கார்டிலும் செய்திக் குறிப்பிலும் இவற்றைப் போடுங்கள். பாத்திரத்தின் வாயில் வைத்தால் கல்லூரிக் கருத்தரங்கு போல ஆகிவிடும். களத்தில் புழங்குபவை ‘கே’, ‘கோத்தி’ (பெண்மைச் சாயல் உள்ள ஆண்), ‘பந்தி’ (கோத்தியின் ஆண் துணை). பலர் எந்தச் சொல்லையும் தமக்குச் சூட்டிக்கொள்வதில்லை. ‘ஒம்போது’ போன்ற வசவுகள் வரலாம், ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது, அதற்குப் பின் கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று முடிவு செய்துவிட்டு எழுத வேண்டும். சிரிப்பவர் முகத்துக்கு வெட்டினால் அது பழைய காமெடி டிராக் ஆகிவிடும்.

இன்னொரு ஆசையையும் இங்கேயே அடக்கிவிடலாம். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கும்; மகுடம் என்ற தோல்கருவியின் அடிக்கு ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடுவார்கள். ‘ஆகா, நமக்கான குறியீடு’ என்று இயக்குநருக்குக் கை பரபரக்கும். அது கணியான் சமூகத்தாரின் தொழில். சாமிக்குச் செய்யும் கடமை. அவர்களிடம் கதையைச் சொல்லாமல் படம் பிடித்து நம் நாயகனின் மனக்குமுறலுக்கு நடுவே ஒட்டுவது திருட்டு. சொல்லி, சம்மதம் வாங்கி, ஒரு இரவுக்கு அவர்கள் வாங்கும் சம்பளத்தைக் கொடுத்து எடுப்பதானால் எடுக்கலாம்.

சட்டம் கதைக்குள் எங்கே வருகிறது

1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377 ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 11 அன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமில்லை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. ஆகவே உங்கள் கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். 2015 இல் நடக்கும் கதையில் போலீஸ்காரர் 377 என்று மிரட்டலாம். 2025 இல் மிரட்டினால் அது அவருடைய அறியாமை அல்லது அடாவடி, அதை அப்படியே காட்ட வேண்டும். 2022 இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். செயலியில் பழகி வரவழைத்து, வீடியோ எடுத்துப் பணம் பறிக்கும் கும்பல் காட்சி வைத்தால் புதிய சட்டத்தில் பணப்பறிப்புக்கான பிரிவு 308. பாதிக்கப்பட்டவன் புகார் கொடுக்கத் தயங்குவது சட்டத்துக்குப் பயந்து இல்லை, ஸ்டேஷனில் அப்பா பெயரைக் கேட்பார்கள் என்பதற்காக.

கல்யாணப் பதிவில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யும்படி 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு இரண்டு ஆண்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலையோடு நிற்கும் கிளைமாக்ஸ் எழுதுகிறார்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரே பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அந்தக் காட்சி நடக்காது. மகனை டாக்டரிடம் ‘மாற்றுவதற்கு’ அழைத்துப்போகும் காட்சி எழுதினால், அப்படிச் சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்ததை அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்கும் அல்லது தெரியாதிருக்கும். இரண்டில் எது என்று முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூட நினைவுக் காட்சிகளில் பாத்திரத்துக்கு 18 வயது ஆகாதென்றால் நெருக்கக் காட்சி வேண்டவே வேண்டாம். போக்சோ சட்டத்தோடு விளையாட இடமில்லை.

இணையத்தில் மட்டும் வெளியிடுவதற்கு முன்தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிட்டால் 1952 ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து வகை இருக்கிறது. நீங்களே பொருத்தமானதை முதல் சட்டகத்தில் போட்டுக்கொண்டால் பின்னால் யாராவது சண்டைக்கு வரும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

பக்கம், நாள், வீடு

ஆறு எபிசோடு, ஒவ்வொன்றும் 13 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கில் 78 பக்கம். புதிய குழு ஒரு நாளில் நன்றாக எடுக்கக்கூடியது ஐந்து பக்கம். ஆக 16 நாள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் எட்டு வாரக் கடைசிகள். இரண்டு மாதம் ஒரு நடிகரைத் தாடி மாற்றாமல் வைத்திருப்பது பாதி யுத்தம். இடையில் மச்சான் கல்யாணம், சபரிமலை மாலை என்று ஏதாவது வரும். இடங்களை ஐந்துக்கு மேல் போக விடாதீர்கள்: ஒரு வீடு, ஒரு கடை, லாட்ஜ் அறை, மொட்டை மாடி, ஆற்றங்கரை. எபிசோடு வரிசையை மறந்துவிட்டு, அந்த வீட்டில் நடக்கும் ஆறு எபிசோடின் காட்சிகளையும் தொடர்ந்து முடித்துவிட வேண்டும். அதே வீட்டுக்கு மூன்றாவது முறை போகும்போதுதான் பக்கத்து வீட்டு ஆச்சி ‘என்னய்யா படம்?’ என்று கேட்பாள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். ‘குடும்பப் படம்’ என்று சொல்லி வீடு வாங்கி, வெளியானபின் வீட்டுக்காரருக்குத் தெரியவந்தால் அவர் உங்களைவிட அதிகமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வீட்டில் எடுக்கும் காட்சிகளின் பக்கங்களை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குவதே சரி. பாதிப் பேர் மறுப்பார்கள். சம்மதிப்பவர் வீட்டிலும் வாசல் முகப்பு, கதவு எண், வாகன எண், சுவரில் மாட்டிய தாத்தா படம் எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. வெளிப்புறத்துக்கு வேறொரு தெருவில் வேறு வீட்டை, தூரத்திலிருந்து, எண் தெரியாமல் எடுத்து ஒட்டலாம்.

பொது இடங்களில் அனுமதி இடத்துக்கு இடம் மாறும். கோயிலுக்குள் என்றால் அறநிலையத் துறை. ஜங்ஷன் பிளாட்பாரம் என்றால் ரயில்வேயின் மதுரைக் கோட்டம். பாபநாசம், மணிமுத்தாறு மலைப் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அதாவது வனத்துறை. நாலு பேர் குழுவுக்கு இதெல்லாம் அதிகம். ரயில் காட்சிக்கு ஒட்டுப்பலகையில் 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் மேல் பெர்த் ஒன்று அடித்து, நீல ரெக்சின் போர்த்தி, ஜன்னல் பக்கமிருந்து ஒரு லைட்டை விட்டுவிட்டு நகர்த்தினால் நெல்லை எக்ஸ்பிரஸ் தயார். ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்குள் நடிகர்களை விட்டு எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். நம் கதைக்குப் பின்னணியாக நிற்கிறோம் என்று அறியாத நூறு முகங்கள் அதில் இருக்கும்.

முகம் என்பது இங்கே பெரிய செலவு. நடிகரிடம் ஒப்பந்தம் போடும்போது சம்பளத்துக்கு முன்னால் பேச வேண்டியவை: டைட்டிலில் சொந்தப் பெயரா புனைபெயரா, போஸ்டரில் முகம் வரலாமா, பேட்டி கொடுப்பாரா, வீட்டில் யாருக்குத் தெரியும். நாயகர்கள் உண்மையிலேயே தன்பாலீர்ப்பாளர்களா என்று பேட்டிகளில் கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம், இயக்குநர் அவர்களுக்காகச் சொல்லக் கூடாது. படப்பிடிப்பில் எல்லாருடைய போனும் ஒரு டப்பாவில். ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் வழக்கமாக விஷயத்தைப் போட்டு உடைக்கும்.

நெருக்கக் காட்சியை ‘இயல்பா பண்ணுங்க’ என்று விட்டால் இரண்டு பேருமே கல்லாகிவிடுவார்கள். நடனம்போல அதைப் படிப்படியாக எழுத வேண்டும்: வலது கை தோளில், மூன்று எண்ணி நெற்றி, அங்கே வெட்டு. எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை இருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, இரண்டிலும் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்வது. ஒத்திகை முழு உடையில். எடுக்கும்போது அறைக்குள் இயக்குநர், கேமரா, சவுண்ட் மூன்றே பேர். வேண்டாத டேக்குகளை அன்று இரவே நடிகர்கள் முன்னிலையில் அழித்துவிடுவது நல்ல வழக்கம். ஒரு விஷயம்: உள்ளே தாழ்ப்பாள் போடும் கை, அதன் சத்தம் இவை நன்றாக வந்துவிட்டால் மிச்சத்தில் பெரும்பகுதி தேவைப்படாது.

சத்தம்

இந்த வகைத் தொடர்களைக் கெடுப்பது படத்தைவிட ஒலிதான், நெல்லையில் அது இரட்டிப்பு. ஆனி, ஆடியில் மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கும்; கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றும்; உங்கள் மைக்கை அடித்துக்கொண்டேயிருக்கும். அம்மியே பறக்கும் காற்றில் காலர் மைக்குக்குப் பஞ்சு மூடி போதாது, ரோமம் வைத்த உறை வேண்டும். அதுவும் போதாத மொட்டை மாடிக் காட்சிகளை மாசிக்குத் தள்ளுங்கள். கொடை சீசனில் குழாய் ஸ்பீக்கர் ஒரு மைலுக்குக் கேட்கும். தனியார் பஸ்களின் ஏர் ஹாரனை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. வீட்டுக்குள் ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து வீட்டுக்காரரின் மீனைக் கெடுத்த குழுக்கள் உண்டு. பைக் சாவியை ஃப்ரீஸருக்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது மறக்காது. ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாயை மூடி 45 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதுதான் அடைக்கும்.

‘பின்னால் டப்பிங்கில் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே செல்லாது. ஸ்டூடியோவில் வேறு ஊர்க்காரர் பேசும்போது ‘சொல்லுதேன்’ சரியாக வந்தாலும் இழுவை வராது, முதல் வாக்கியத்திலேயே அம்பாசமுத்திரத்துக்காரர் கண்டுபிடித்துவிடுவார். டீக்கடையில் ஓடும் சினிமாப் பாட்டும் ஆபத்துதான். பத்து விநாடி கேட்டால் போதும், யூடியூபின் காப்புரிமைச் சோதனை பிடித்துக்கொள்ளும். வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும், சில சமயம் வீடியோவே முடங்கும். கடைக்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று பூட்டிவிட்டால் டியூப்லைட் மினுக்காது. போனைத் தானியங்கியில் விட்டால் வெயிலில் ஷட்டர் தாறுமாறாக ஏறும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டுக் கையால் அமைக்க வேண்டும். பதினொன்று முதல் மூன்று வரை வெளியே எடுக்காதீர்கள். விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் ஓடினால் 110 ஜிபிக்கு மேல். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வீட்டில், இரண்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. இந்தத் தொடரின் வெட்டாத காட்சிகள் மொபைல் ரிப்பேர் கடையில் திறக்கப்படக் கூடியவை இல்லை.

வெளியிட்ட பிறகு

யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை வேண்டும். வயது வரம்பு போட்டுவிட்டால் விளம்பரமும் பரிந்துரையும் சுருங்கிவிடும். ஆறு எபிசோடில் போட்ட காசு அங்கிருந்து திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மும்பையில் 2010 முதல் நடக்கும் காஷிஷ் போன்ற பால்புதுமையினர் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பலாம்.

தம்ப்னெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்திருக்கும் படத்தைப் போட்டால் சென்னையில் கிளிக் வரும். நெல்லையில் ஒருவன் போனில் பார்த்த தொடரின் அடுத்த எபிசோடு, அதே கணக்கில் ஓடும் வீட்டு டிவியின் முகப்பில் அப்பா முன்னால் வந்து நிற்கும். வெறும் கதவு, ஆற்றங்கரைப் படிக்கட்டு, இரண்டு டீ கிளாஸ் போன்ற படங்கள் போதும். தலைப்பும் அப்படியே. தமிழ் வசனத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போட வேண்டும். காது கேளாதோருக்கு மட்டுமில்லை, ஹாலில் தம்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகவும். இரண்டு வரிக்கு மேல் போகாமல், வரிக்கு 35 எழுத்து அளவில், ‘சொல்லுதேன்’ என்பதை ‘சொல்கிறேன்’ என்று திருத்தாமல். ஞாயிறு காலையில் வெளியிடாதீர்கள். ராத்திரி பத்தரைக்குப் பிறகுதான் போன் முழுக்க ஒருவருடையது.

கருத்துப் பகுதியை முதல் இரண்டு நாள் ஒப்புதலுக்குப் பின்பே தோன்றும்படி வையுங்கள். தடுக்கும் சொற்பட்டியலில் வசவுகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், எழுத்துப்பிழைகளோடும் சேர்க்க வேண்டும். வசவைவிட மோசமானது ‘இவன் எங்க தெருதான்’ என்ற ஒற்றை வரி. யாருடைய ஊர், கல்லூரி, கடைப் பெயரைச் சொல்லும் கருத்தும் உடனே போக வேண்டும்.

ஒப்பந்தத்தில் கடைசிப் பத்தியாக ஒன்று சேர்க்கிறார்கள்: நடிகர் எழுதிக் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் அவர் வரும் காட்சிகளை இறக்கிவிடுவோம் என்று. தங்கச்சிக்கு வரன் பார்க்கும்போது, வேலைக்கு வெளிநாடு போகும்போது அந்தக் கடிதம் வரும். இறக்கலாம். ஆனால் அதற்குள் யாரோ தரவிறக்கி டெலிகிராமில் போட்ட பிரதியை இறக்க முடியாது. இதைப் பேனாவைக் கையில் கொடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு, யோசிக்க ஒரு வாரம் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் ஒரு நாயகன் விலகுவான், அதற்கும் சேர்த்துத்தான் அட்டவணை போட வேண்டும்.